முப்பது நாளும் வாழைக்காய்ப் பொரியல்

தம்பி,

கவரைப் பிரித்ததுமே, எழுதத் தெரியாத அப்பாவுக்கு இதை யார் எழுதிக் கொடுத்தது என்று நினைப்பாய். விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மரத்தடியில் மேசை போட்டு மனு எழுதித் தருகிற ஆறுமுகம் எழுதுகிறார். மனு நாளான திங்கட்கிழமை வந்திருந்தால் அவரைச் சுற்றி ஒரு ஊரே நின்றிருக்கும். இன்று புதன், ஆள் இல்லை. நான் எதிரில் உட்கார்ந்ததும் தாளை எடுத்து அனுப்புநர், பெறுநர் என்று எழுதிவிட்டு, "பொருள் இன்னா பெரியவரே? பட்டாவா, முதியோர் பணமா?" என்று கேட்டார். "சாப்பாடு" என்றேன். "ரேசன் கார்டா?" என்றார். "இல்லீங்க, எம்மவனுக்கு ஒரு லெட்டரு" என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தார். என் பேச்சை அவர் திருத்தி எழுதிக்கொள்ளட்டும், விஷயத்தை மட்டும் திருத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

போன வியாழக்கிழமை நீ போனில் சொன்னது நாலே வார்த்தை. திண்டிவனத்தில் கடையைப் பூட்டிவிட்டேன், ஒண்ணாம் தேதி பழைய மருந்துக் கம்பெனிக்கே போகிறேன், பெத்த அப்பனையே சாப்பிட வைக்கத் தெரியாதவன் ஊருக்கு என்ன சொல்வது. நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். திரும்பப் போன் போட்டுத் தரச் சொல்லி யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. போனில் என்றால் நான் மறுபடியும் பொய் சொல்வேன். அது எனக்குப் பழகிவிட்டது. கடிதம் என்றால் எதிரில் ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறார், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் வராது. அதனால்தான் இது. நீ தங்கியிருக்கிற சென்னை ரூம் விலாசத்தைத் திண்டிவனத்தில் வாங்கி வந்தேன், அதற்கே அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

தோளில் கருப்புப் பையும் கழுத்தில் டையுமாக நீ மருந்துக் கம்பெனி ரெப்பாக இருந்த காலத்தில், விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நீ ஏறுவதை உனக்குத் தெரியாமல் நின்று பார்த்திருக்கிறேன். மூட்டை தூக்கினவன் மகன் டை கட்டிக்கொண்டு போகிறான் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று காது கொடுத்து நிற்பேன். அந்த வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாய். "தெனமும் டாக்டருங்க ரூம் வாசல்ல குந்திக்கினு பாக்கறேன்பா. வர்றவங்க கையில மாத்திர சீட்டு நெறைய கீது. இன்னா துன்னணும்னு கேட்டா, அரிசிய கொற, கேப்ப சாப்புடுன்னு ஒரு வரி. அந்த ஒரு வரிய பத்தி ஒக்காந்து பேச ஒர்த்தரும் இல்ல. நான் அத படிக்கப் போறேன்" என்றாய். நான் கேட்ட கேள்வி உனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கும். "ஊரே கேப்பைய உட்டு ஓடியாந்திச்சி. நீ அத தேடிக்கினு போறியா? அதுக்கா நான் மூட்ட தூக்கனேன்?" நீ எழுந்து போய் அம்மாவோடு அடுப்படியில் உட்கார்ந்துகொண்டாய்.

எனக்குக் கேப்பை மேல் ஏன் அத்தனை கோபம் என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. கோலியனூருக்குப் பக்கத்தில் நான் பிறந்த ஊரில் எங்களுக்கென்று ஒரு பிடி மண் கிடையாது. நிலம் வைத்திருந்தவர் வீட்டுக் கொல்லையில் களை எடுத்து முடித்ததும் பனையோலையை மடித்துப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்போம். அந்த வீட்டு ஆள் எட்ட நின்று, மேலிருந்து கேப்பைக் கூழை ஊற்றுவான். கையில் தெறித்தால் சுடும். சுட்டாலும் ஓலையை விடக் கூடாது, விட்டால் அன்றைக்குச் சாப்பாடு மண்ணில். எனக்கு அப்போது எட்டு வயசு இருக்கும். ஊற்றினவன் கையில் செம்புக் காப்பு போட்டிருந்தான், அதில் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. படிக்காதவனுக்கு எழுதி வைத்துக்கொள்ள இடம் இல்லை பார், எல்லாம் தலைக்குள்ளேயே கிடக்கிறது.

அதனால்தான் நீ ஐந்தாவது படிக்கும்போது உன் அம்மா முருங்கைக்கீரை போட்டுக் கேப்பை அடை சுட்டு டிபன் டப்பாவில் வைத்ததைப் பார்த்துவிட்டு, டப்பாவைப் பிடுங்கித் தெருவில் கொட்டினேன். "எம்புள்ள அரிசிச் சோறுதான் துன்னும்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். நீ அழவில்லை. குனிந்து, மேலாக்க விழுந்திருந்த ஒரு துண்டை எடுத்து ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொண்டாய். அதற்குத்தான் உன்னை அடித்தேன். உனக்குப் பிடித்திருந்தது, பசித்தது, எடுத்தாய். என்னை ஓலை நீட்ட வைத்தவர்களை அடிக்க முடியாமல் உன்னை அடித்தேன். இதை இத்தனை வருசம் கழித்து மரத்தடியில் உட்கார்ந்து சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. திருவாமாத்தூரில் என் அக்கா பேத்தி கல்யாணம். நீ இரண்டு வருசம் சென்னையில் படித்து, ஆஸ்பத்திரியில் பயிற்சியும் முடித்து, திண்டிவனத்தில் மாடியில் ஒரு ரூம் பிடித்து உட்கார்ந்திருந்த புதுசு. சொந்தக்காரன் ஒருத்தன் வெற்றிலையை மென்றுகொண்டே, "இன்னா மாமா, டை கட்ன புள்ள இப்போ கீர வாங்கு, கேப்ப வாங்குன்னு கூவிக்கினு கீறானாமே?" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். "எவன் சொன்னது? கம்பெனிலதான் கீறான், இப்போ பெரிய ஆபீசரு" என்றேன். திரும்பினால் நீ நிற்கிறாய், கையில் சந்தனக் கிண்ணம். கிண்ணத்தை மேசை மேல் வைத்துவிட்டு, பந்தியில் உட்காராமலே பஸ் ஏறிவிட்டாய். ஊருக்கெல்லாம் சாப்பிடச் சொல்கிற பிள்ளை என்னால் அன்றைக்குப் பட்டினியாகப் போனான்.

அம்மா போன பிறகு, "திண்டிவனத்துக்கு வந்துடுப்பா" என்று எத்தனையோ தரம் கூப்பிட்டாய். அவள் இருந்த வீட்டை விட்டு வர மாட்டேன் என்று நான்தான் அடம் பிடித்தேன். அப்புறம்தான் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போன். "சாப்ட்டியாப்பா? இன்னா சாப்ட்ட?" நீ எழுதிக்கொள்கிறாய் என்று எனக்குத் தெரியும், பேனா தாளில் ஓடுகிற சத்தம் கேட்கும். முதல் நாள் கேட்டபோது அமாவாசை. அன்றைக்கு உன் அம்மாவுக்குப் படைக்க வேண்டும், படையலைக் கடையில் வாங்கிப் போடக் கூடாது என்பார்கள். அதனால் நானே அடுப்பில் நின்றேன். வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்ச் சாம்பார், கீரை, அவளுக்குப் பிடித்த கேப்பை அடை ஒன்று. ஆமாம், நான் தெருவில் கொட்டினேனே, அதே அடை. என் கையாலேயே தட்டிச் சுட்டேன். ஓரம் கருகிவிட்டது. உன்னிடம் அப்படியே சொன்னேன். "சூப்பர்ப்பா" என்றாய். உன் குரலில் அவ்வளவு சந்தோசத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மறுநாள் நான் சாப்பிட்டது டீயும் பொறை ரொட்டியும். அதற்கு மறுநாளும் அதுதான். ஒரு ஆளுக்கு அடுப்புப் பற்ற வைத்துப் பார்த்திருக்கிறாயா? அரிசி ஒரு பிடி களைந்தால் அது குண்டான் அடியிலேயே ஒட்டிக்கொள்கிறது. சோறு வெந்ததும் யாரைக் கூப்பிடுவது என்று கை தட்டு எடுக்காமல் நிற்கும். அமாவாசை அன்றைக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை. படத்துக்கு முன்னால் இலை போட்டால் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று ஆகிவிடுகிறது, மேலே காக்கை வேறு வந்து கத்துகிறது. அதனால் மாசத்தில் ஒரு நாள் சமையல். நீ ஏழு மணிக்குக் கேட்டால் அந்த ஒரு நாள் சமையலை முப்பது நாளும் சொன்னேன். ஒரு தரம் நீ சிரித்துக்கொண்டே, "இன்னாப்பா, தெனமுமா வாழக்கா?" என்றாய். "தாரா வாங்கி மாட்டிட்டேன்டா, தீர மாட்டேங்குது" என்றேன். நீ நம்பினாய். சக்கரை மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் போட்டுக்கொண்டேன், அதில் பொய் இல்லை.

அதுதான் என்னைச் சாய்த்தது. ஒரு நாள் காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, வெறும் வயிற்றோடு பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தேன். தையல் கடை வாசலில் உடம்பெல்லாம் வேர்த்து, கண் இருட்டி, விழுந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன டாக்டரம்மா, "மாத்திர போட்டுட்டு இன்னா சாப்புட்டீங்க தாத்தா?" என்று கேட்டார். அவரிடம் உண்மையைச் சொன்னேன். முன்பின் தெரியாதவரிடம் சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது! அவர் உன்னிடம் சொல்லிவிட்டார். நீ என் கட்டில் கால்மாட்டில் நின்று நான் போனில் சொன்னதையெல்லாம் எழுதின நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினாய். "வாழக்கா... வாழக்கா... வாழக்கா..." என்று பக்கத்துக் கட்டில்காரனுக்குக் கூடக் கேட்காத குரலில் படித்தாய். மூடிப் பையில் வைத்துக்கொண்டாய். திட்டியிருக்கலாம் நீ. பத்து நாள் வீட்டில் இருந்து சமைத்துப் போட்டாய். பதினோராம் நாள் திண்டிவனம் போனாய். அப்புறம் வியாழக்கிழமைப் போன்.

நீ கம்பெனிக்குத் திரும்புகிறேன் என்றதும் முதலில் என் மனசு ஒரு நிமிசம் குளிர்ந்தது. பையும் டையும் கண்ணில் வந்தது. இதையும் எழுதத்தான் வேண்டுமா என்று ஆறுமுகம் கேட்கிறார். எழுதுங்கள் என்றேன். ஒரு நிமிசம்தான். அப்புறம் கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன். நான் கேட்டபோதெல்லாம் மாறாதவன், நான் சொன்ன பொய்யால் மாறுகிறான். அந்த டை என் பொய்யில் நெய்தது, அதை உன் கழுத்தில் பார்க்க முடியாது.

சனிக்கிழமை காலையில் நேரில் சொல்லிவிடலாம் என்று பஸ் ஏறினேன். நீ சென்னைக்குப் போய்விட்டது எனக்குத் தெரியாது. கூட்டேரிப்பட்டு தாண்டும்போதுதான் உறைத்தது, நீ அங்கே இரண்டு வருசம் உட்கார்ந்திருந்தும் நான் ஒரு நாள்கூட வந்து பார்க்கவில்லை. போர்டு இருந்தாலும் எனக்கு அது கோடுதான். மேம்பாலத்துப் பக்கம் ஒரு செல்போன் கடைக்காரரிடம், "இன்னா சாப்புடணும்னு சொல்ற தம்பி ரூமு எங்கங்க?" என்று கேட்டேன். "மாடிதான். பூட்டிக் கீது. ஆனா ஆளுங்க கீறாங்க, போங்க" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மாடிப்படியில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஆளுக்கு ஒரு டிபன் டப்பாவோடு. அதில் கோபால் என்று ஒருத்தர், ரிடையர் ஆன பஸ் கண்டக்டர். என்னைப் பார்த்ததும், "புது ஆளா? சாரு இல்ல. ஆனா சனிக்கெழம வண்டி நிக்காது. மேல ஏறி வாங்க, எடம் நெறைய கீது" என்று நகர்ந்து இடம் கொடுத்தார். பக்கத்தில் மேரி டீச்சர் என்று ஒரு அம்மா, கண்ணாடி போட்டவர், வயசானவர். எதற்கு இங்கே வந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். டீச்சர்தான் சொன்னார். "தம்பி எங்களுக்கு ஒரு நோட்டு குடுத்திருக்காரு. அதுல மூணு கட்டம். என்ன சாப்பிட்டீங்க, எப்ப சாப்பிட்டீங்க, யாரோட சாப்பிட்டீங்க. நான் நாலு மாசமா மூணாவது கட்டத்துல 'யாரும் இல்லை'ன்னே எழுதிட்டு இருந்தேன். அதப் பாத்துட்டு தம்பி எனக்கு லிஸ்ட்டு எதுவும் குடுக்கல. 'சனிக்கிழமை மத்தியானம் டப்பா எடுத்துட்டு வந்துடுங்க டீச்சர்', அவ்ளோதான் சொன்னாரு."

"மொத கட்டத்துல நாங்க எல்லாரும் பொய்தான் எழுதுவோம்" என்றார் கண்டக்டர். "நான் பரோட்டாவ துன்னுட்டு கீரன்னு எழுதுவேன். சாருக்கு தெரியும். 'பொய்யாவே இருந்தாலும் எழுதுங்கண்ணே, இன்னா துன்ன ஆசன்னாவது தெரியுதுல்ல'ம்பாரு. மூணாவது கட்டத்துலதான் பொய் எழுத கை வரல." அப்புறம் சிரித்துக்கொண்டே, "விழுப்புரத்துல அவங்கப்பா ஒர்த்தர் கீறாரு. ஒண்டியாளா குந்திக்கினு அட சுட்டு, கீர கடஞ்சி, தெனமும் வாழக்கா பொரிச்சி துன்றாராம். அவர சொல்லிச் சொல்லியேதான் சாரு எங்கள வெரட்டறது. அந்த மனுசன் மட்டும் என் கையில மாட்னா பேஜாருதான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"நான்தாங்க அது" என்றேன். "இங்க சாப்பாடு சொல்றவரு எம்மவன்."

தம்பி, உன் வேலையை என் வாயால் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. கல்யாண வீட்டில் சொல்லியிருக்க வேண்டியதைத் திண்டிவனத்து மாடிப்படியில் சொன்னேன். வாழைக்காய்க் கதையையும் முழுசாகச் சொல்லிவிட்டேன். அப்புறம் டீச்சர், "அப்ப நீங்களும் நம்ம செட்டுதான்" என்றார். "இத்தினி நாளு டிக்கெட்டு எடுக்காம வந்தவரு" என்றார் கண்டக்டர். எல்லாரும் டப்பாவைத் திறந்தார்கள். ஒருத்தரும் கை வைக்கவில்லை, என்னையே பார்த்தார்கள். நான் கூச்சத்தோடு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "எடுங்கய்யா. இங்க ஒரு சட்டம் இருக்கு" என்றார் டீச்சர். "டப்பா கொண்டு வராதவங்கதான் முதல்ல கை வைக்கணும். அதுக்கப்புறம்தான் மத்தவங்க. தம்பி போட்ட சட்டம்."

அது எங்கள் கமிட்டிச் சட்டம். வேர்க்கடலை, நம்ம மல்லாட்டை, ஏலம் போகிற இடத்தைக் கமிட்டி என்போம், உனக்குத் தெரியும். அங்கே நாங்கள் எட்டுப் பேர் மூட்டை தூக்கினோம். கடைசி மூட்டை இறங்குகிற வரைக்கும் எவனும் டப்பாவைத் தொட மாட்டான். அப்புறம் சாக்கை விரித்து எல்லா டப்பாவையும் நடுவில் வைப்போம். அன்றைக்கு எவன் வீட்டில் ஒன்றும் இல்லையோ, எவன் வெறுங்கையோடு வந்தானோ, அவன்தான் முதலில் எடுக்க வேண்டும். கேட்டு வாங்குகிறோம் என்று அவனுக்குத் தோன்றக் கூடாது. பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமைகளில் நீ அங்கே வருவாய். டப்பா இல்லாத ஆள் என்று உன்னைத்தான் முதலில் எடுக்கச் சொல்வார்கள். அத்தனை பேரும் உன் கை எதன் மேல் போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீ அதை மறக்கவில்லை. சென்னையில் படித்ததோடு இதையும் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறாய். ஓலை நீட்டினதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, சாக்கு விரித்ததை மறந்தவன் நான்தான்.

அதனால் சொல்கிறேன். நீ தோற்கவில்லை. உன்னிடம் வந்தவர்கள் பூட்டின கதவுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நான் உன்னிடம் வரவே இல்லை, ஏழு மணிக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன், அதுதான் நடந்தது. இன்னொன்றையும் கேட்டுக்கொள், கோபித்துக்கொள்ளாதே. அந்த நாலு பேரிடமும் கேட்ட மூணாவது கேள்வியை நீ என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. ஏன் என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்தேன். கேட்டால் நான் என்ன சொல்ல வேண்டும் என்று உனக்கும் தெரியும். அதைக் கேட்டுவிட்டு நீ எப்படித் திண்டிவனத்தில் உட்கார்ந்திருப்பாய்? அதனால் நீ கேட்கவில்லை, அதனால் நான் சொல்லவில்லை. இரண்டு பேரும் வாழைக்காயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். இனிமேல் கேள். பதில் நன்றாக இருக்காது. இருந்தாலும் கேள்.

நான் அந்த வீட்டை விட்டு வர மாட்டேன், அதில் மாற்றம் இல்லை. ஆனால் சனிக்கிழமை பஸ் ஏறுவேன். நீ இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர்கள் வருவார்கள், நானும் வருவேன், இந்தத் தரம் டப்பாவோடு. ஒன்றுதான் யோசனை. மழைக்காலம் வருகிறது. மழை பிடித்துக்கொண்டால் அந்தப் படியில் உட்கார முடியாது, மாடித் தண்ணீர்க் குழாயின் வாய் நேராகப் படிமேல்தான் இருக்கிறது, பார்த்தேன். டீச்சருக்கு முழங்கால் வலி வேறு. கம்பெனிக்கு என்ன பதில் சொல்வாயோ எனக்குத் தெரியாது. சாவி உன்னிடம் இருக்கிறது.

இதைச் சொல்லி முடிக்கும்போது வெயில் உச்சியில் வந்துவிட்டது. ஆறுமுகம் பேனாவை வைத்துவிட்டுத் தன் டப்பாவை எடுத்து மேசை மேல் திறந்தார். "உங்க டப்பா எங்க?" என்றார். இல்லை என்றேன். "அப்ப நீங்கதான் மொதல்ல. சட்டத்த இப்போ என் கையாலதான எழுதனேன்" என்று என் பக்கம் தள்ளினார். சாப்பிட்டு, கை கழுவி வந்து, மிச்சத்தையும் எழுதச் சொல்கிறேன். நீ உன் நோட்டில் ஏற்றிக்கொள். புதன்கிழமை மதியம். புளிச்சோறு பாதி டப்பா, அவித்த மல்லாட்டை ஒரு பிடி. ஆறுமுகத்தோடு. ராத்திரிக்கு என்ன என்பது இன்னும் தெரியாது. யாரோடு என்பது தெரியும். யாரும் இல்லை. அதையும் அப்படியே எழுதிக்கொள்.

கீழே இருக்கிற மை என் இடது கைப் பெருவிரல்.

உன் அப்பா